ஒட்டுக்கடைக் கணக்கும் ஒட்டிய ஸ்டாம்பும்

நம் சமுதாயத்தின் சிங்கப்பூர் வரலாற்றை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிவாசலில் தொடங்குவார்கள். சௌத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் உருவான ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், தெலுக் ஆயர் நாகூர் தர்கா, பிறகு 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, அதன் பின் ஊர்ச் சங்கங்கள் என்று வரிசையாகப் போகும். அது முறைதான். ஆனால் நம்மவரில் கணிசமானோர் இந்த மண்ணில் கால் ஊன்றியது சில்லறை வணிகத்தில். அந்தக் கடைகள் எப்படி நடந்தன, யார் யாருக்குக் கடன் கொடுத்தார்கள், கொடுத்தது திரும்பி வந்ததா என்பதெல்லாம் அதிகம் எழுதப்படவில்லை. பொன்விழா மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த செயலவை இளைஞரிடம், கடைக் கணக்கைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். “அதில் எழுத என்ன இருக்கிறது, ஐயா?” என்று பணிவாகத்தான் கேட்டார். கேட்கும்போதே அவர் பணப்பையைத் திறந்து, பேரங்காடியில் கொடுத்த ஸ்டாம்புகளை ஒட்டிய அட்டை ஒன்றை ஓரமாக வைத்தார். இன்னும் சில ஸ்டாம்புகள் சேர்ந்தால் வாணலி ஒன்று பாதி விலைக்குக் கிடைக்குமாம்.

அவர் கேட்ட கேள்விக்கு விடை அந்த அட்டையிலேயே இருக்கிறது. அதனால் ஸ்டாம்பிலிருந்தே தொடங்குகிறேன்.

கடையில் பொருள் வாங்கினால் ஸ்டாம்பு கொடுத்து, ஸ்டாம்பு சேர்ந்தால் பரிசு கொடுக்கிற வழக்கம் அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தது. 1896இல் ஸ்பெர்ரி, ஹட்சின்சன் என்ற இருவர் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அவர்களுடைய பச்சை ஸ்டாம்பை ஒட்டாத மளிகைச் சாமான் வாங்கும் குடும்பங்கள் ஒரு காலத்தில் அங்கே குறைவு. இங்கிலாந்தில் இதைப் பெரிய அளவில் செய்தவர் ரிச்சர்ட் டாம்ப்கின்ஸ். 1958இல் அவர் ‘கிரீன் ஷீல்டு’ ஸ்டாம்பைக் கொண்டுவந்தார். ஆறு பென்னிக்குச் சாமான் வாங்கினால் ஒரு ஸ்டாம்பு. ஒரு புத்தகம் நிறைய 1,280 ஸ்டாம்பு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு புத்தகத்தை நிரப்ப 32 பவுண்டுக்குச் சாமான் வாங்கியிருக்க வேண்டும். பெரிய பரிசுக்குப் பல புத்தகங்கள் வேண்டும். மாலை நேரத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நாக்கால் நனைத்து நனைத்து ஸ்டாம்பு ஒட்டுவது பிள்ளைகளின் வேலை. அந்தப் பசையின் ருசி அந்தத் தலைமுறை ஆங்கிலேயருக்கு இன்றும் நினைவில் இருக்கிறது.

இதில் மூன்று பேர் இருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்குகிறவர், கடைக்காரர், ஸ்டாம்பு நிறுவனம். கடைக்காரர் ஸ்டாம்பு நிறுவனத்திடம் காசு கொடுத்து ஸ்டாம்பு வாங்குகிறார். வாடிக்கையாளருக்கு அதை இலவசமாகக் கொடுக்கிறார். வாடிக்கையாளர் புத்தகத்தை நிரப்பி நிறுவனத்திடம் கொடுத்துப் பரிசு பெறுகிறார். பாதி நிரம்பி மேசை அறைக்குள் கிடந்து மறந்துபோன புத்தகங்கள் எல்லாம் நிறுவனத்துக்கு லாபம். 1963இல் டெஸ்கோ கடைகள் இதில் சேர்ந்தபோது அங்கே பெரிய சண்டையே நடந்தது. சேன்ஸ்பரி கடைகளின் தலைவர் சேன்ஸ்பரி பிரபு எதிர்ப்பணிக்குத் தலைமை தாங்கினார். ஸ்டாம்புக்கான செலவு கடைசியில் பொருளின் விலையில்தான் ஏறும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். 1964இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, ஒவ்வொரு ஸ்டாம்பிலும் அதன் காசு மதிப்பு அச்சிடப்பட வேண்டும், கேட்டால் ரொக்கமாகவும் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. 1977இல் டெஸ்கோவே ஸ்டாம்பைக் கைவிட்டு, அந்தச் செலவை விலைக் குறைப்புக்குத் திருப்பியது.

இந்தப் பச்சை ஸ்டாம்பு ஒன்றை நான் முதலில் பார்த்தது தஞ்சோங் பகாரில், என் தாய்மாமாவின் கடையில். கணக்கியல் படிக்க லண்டன் போயிருந்த என் பெரியம்மா மகன் கடிதத்தில் வைத்து அனுப்பியிருந்தார். நான்கு புத்தகம் சேர்த்துக் கம்பளி வாங்கப் போவதாக எழுதியிருந்தார். மாமா ஸ்டாம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ராணி படத்தைக் காணோமே, இது எந்த ஊர் ஸ்டாம்பு?” என்றார். நான் விவரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், “கம்பளிக்குக் காசு யார் கொடுக்கிறது?” என்றார். கடைக்காரர் என்றேன். “அவன் எங்கிருந்து கொடுப்பான்? பருப்பிலேயும் சீனியிலேயும் வைத்துத்தானே கொடுப்பான்?” என்றார். ஆங்கிலேயப் பிரபு மேடை போட்டுச் சொன்னதை மாமா முக்காலியில் உட்கார்ந்தபடி சொல்லிவிட்டார்.

மாமாவுடையது முதலில் ஒட்டுக்கடை. இந்தச் சொல்லை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. பெரிய கடைவீட்டின் சுவரோடு ஒட்டி, அஞ்சடி நடைபாதையில் பலகை அடித்து வைத்திருக்கும் சின்னக் கடை. சிகரெட், வெற்றிலை பாக்கு, மிட்டாய், பத்திரிகை, சவர பிளேடு. இரவில் பலகையை மடக்கிப் பூட்டிவிட்டு அங்கேயே படுத்துக்கொள்பவர்களும் உண்டு. மலாய்க்காரர்களும் சீனர்களும்கூட ‘மாமாக் கடை’ என்று நம் உறவுமுறைச் சொல்லாலேயே அழைத்தார்கள். இன்றும் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் எஞ்சியிருக்கும் கடைகளுக்கு அதே பெயர்தான். மாமா சில ஆண்டுகளில் அரைக் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து, அரிசி, பருப்பு, மிளகாய், எண்ணெய் என்று மளிகைக்கு மாறினார். ஆனாலும் அக்கம்பக்கத்தில் அது கடைசி வரை ஒட்டுக்கடைதான்.

எடையெல்லாம் அப்போது கட்டியிலும் தாயிலிலும். பதினாறு தாயில் ஒரு கட்டி. இன்றைய கணக்கில் 600 கிராமுக்குச் சற்று மேல். மாமா நிறுத்துப் போட்ட பிறகு கை தானாக ஒரு பிடியை மேலே போடும். மிளகாய் வாங்கினால் கறிவேப்பிலை சும்மா. கூடவே பிள்ளை வந்திருந்தால் கண்ணாடிப் புட்டியிலிருந்து ஒரு மிட்டாய். நம் ஊரில் இதற்குக் கொசுறு என்று பெயர். ஸ்டாம்பு என்பது கொசுறின் பேரப்பிள்ளை என்று நான் நினைக்கிறேன். ஒரு வேறுபாடு உண்டு. கொசுறுக்கு அளவு இல்லை, சட்டம் இல்லை, கேட்டு வாங்க உரிமையும் இல்லை. கடைக்காரரின் மனசு அன்று எப்படியோ அப்படி. அதை எண்ணி, அச்சடித்து, இத்தனைக்கு இத்தனை என்று ஆக்கியதுதான் டாம்ப்கின்ஸ் செய்த வேலை.

மாமா செய்ய மறுத்த ஒன்றும் உண்டு. அந்நாளில் பிள்ளைகளை இழுக்க எல்லாக் கடையிலும் ‘திக்காம்’ அட்டை தொங்கும். ஐந்து காசு கொடுத்து மடித்த சீட்டு ஒன்றைப் பிய்த்தால், உள்ளே இருக்கும் எண்ணுக்கு ஏற்ற பொம்மையோ பலூனோ கிடைக்கும். பெரும்பாலும் பலூன்தான். இது சூது, என் கடையில் வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். எதிர்வரிசைக் கடையில் பிள்ளைகள் கூட்டம் மொய்க்கும். மருமகனான நானே பலமுறை அங்கே போய் நின்றிருக்கிறேன். மாமா பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார்.

இனி 555 புத்தகத்துக்கு வருகிறேன். சட்டைப் பைக்குள் அடங்கும் சின்ன நோட்டு. அட்டையில் பெரிதாக 555 என்று போட்டிருக்கும். மலாய்க்காரர் ‘புக்கு தீகா லீமா’ என்பார்கள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கடன் கணக்கு என்றாலே அதுதான். மாமா கடையில் ஒரு வீட்டுக்கு ஒரு புத்தகம். பிஸ்கட் டின் ஒன்றில் அடுக்கி வைத்திருப்பார். மேலே பெயர் எழுதியிருக்கும், ஆனால் அடையாள அட்டையில் உள்ள பெயராக இருக்காது. ‘கிரேன் தம்பி’, ‘மாடி மலாய் அம்மா’, ‘தையல் சீனத்தி’, ‘நாலு பெண் வீடு’ என்று தமிழில் எழுதியிருப்பார். தம் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த மலாய் அம்மாவுக்கோ தையற்காரிக்கோ தெரியாது. தெரிந்துகொள்ள அவர்கள் கேட்டதும் இல்லை. கூட்டிச் சொன்ன தொகையைச் சம்பள நாளில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

தஞ்சோங் பகாரில் நம்மவர் பலருக்குத் துறைமுகத்தில்தான் வேலை. கப்பல் வந்தால் கூலி, வராத நாளில் ஒன்றுமில்லை. வீட்டில் அடுப்பு மட்டும் எல்லா நாளும் எரிய வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பியது கடைக் கடன். 1955இல் ஜாமிட் சிங் செயலாளராக இருந்த துறைமுக வாரிய ஊழியர் சங்கத்தின் வேலைநிறுத்தம் 67 நாள் நீடித்தது. அப்போது நான் பிறக்கவில்லை. மாமா சொல்லித்தான் தெரியும். இரண்டாவது மாதத்தில் மாமாவுக்கே அரிசி கொடுத்த சீன மொத்த வியாபாரி, முந்தைய பாக்கியைக் கேட்காமல் மேலும் மூட்டை இறக்கினாராம். மாமா வீடுகளுக்குக் கடன் கொடுத்தார், சீனர் மாமாவுக்குக் கடன் கொடுத்தார். அந்தச் சீனருக்குப் பின்னால் யார் இருந்தார்களோ, அது மாமாவுக்கும் தெரியாது. வேலைநிறுத்தங்களைப் பற்றிய வரலாற்று நூல்களில் தலைவர்களும் கோரிக்கைகளும் வருகின்றன. அறுபத்தேழு நாள் அந்த வீடுகள் என்ன சாப்பிட்டன என்ற கேள்விக்கு விடை பிஸ்கட் டின்களில்தான் இருந்திருக்கும்.

இப்போது ஸ்டாம்பையும் 555 புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டின் நோக்கமும் ஒன்றே: வாங்குகிறவர் அடுத்த கடைக்குப் போகாமல் மறுபடியும் இங்கேயே வர வேண்டும். ஸ்டாம்பில் வாடிக்கையாளர் முதலில் காசு கொடுக்கிறார். பலன் பல மாதம் கழித்து வருகிறது. அதுவரை நம்பிக் காத்திருப்பவர் வாடிக்கையாளர். 555 புத்தகத்தில் கடைக்காரர் முதலில் பொருளைக் கொடுக்கிறார். காசு பிறகு வருகிறது, அல்லது வராமல் போகிறது. இங்கே நம்பிக் காத்திருப்பவர் கடைக்காரர். நூறு வெள்ளி கடன் போனால் இரண்டு மூன்று வெள்ளி வராது என்பது மாமாவின் அனுபவக் கணக்கு. இங்கிலாந்துக் கடைக்காரர்கள் ஸ்டாம்பு நிறுவனத்துக்குக் கட்டியதும் விற்பனையில் ஏறத்தாழ அதே அளவுதான் என்பதைப் பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே அந்தத் தொகை ஒரு நிறுவனத்துக்குப் போனது. இங்கே அது கப்பல் வராத வீட்டின் சோறாயிற்று. மாமாவும் அதை ஓரளவு விலையில் வைத்துத்தான் ஈடுகட்டியிருப்பார். அவர் மகானாகக் கடை நடத்தினார் என்று நான் சொல்லவரவில்லை. கெடு கடந்தும் தராதவரிடம் சத்தம் போட்டுக் கேட்கவும் செய்வார். ஆனால் தவணைக்குக் கூடுதலாக ஒரு காசு போட்டதில்லை. கடனை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது என்று எங்களிடம் அடிக்கடி சொல்வார். பென்சிலால் எழுத மாட்டார், மைதான்.

எங்கள் தலைமுறைப் பிள்ளைகளும் ஸ்டாம்பு ஒட்டினோம். அது கடை ஸ்டாம்பு அல்ல, சேமிப்பு ஸ்டாம்பு. அஞ்சலகச் சேமிப்பு வங்கி இங்கே 1877 முதல் இருந்தாலும், 1969இல்தான் பள்ளிகளில் தேசியச் சேமிப்பு இயக்கம் தொடங்கியது. சில்லறைக் காசுக்கு ஸ்டாம்பு வாங்கி அட்டையில் ஒட்ட வேண்டும். அட்டை நிறைந்தால் அந்தத் தொகை நம் பெயரில் வங்கிக் கணக்கில் சேரும். வகுப்பில் யார் அட்டை முதலில் நிறைகிறது என்று போட்டி. மூலையில் உள்ள கட்டத்தை முதலில் ஒட்டுவதா கடைசியில் ஒட்டுவதா என்பதெல்லாம் எங்களுக்குப் பெரிய விவாதம். மாமா கடைக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கும் பையன்களுக்கு முன்பெல்லாம் மிட்டாய் கிடைக்கும். ஸ்டாம்பு வந்த பிறகு, “மிட்டாயா, காசா?” என்று கேட்க ஆரம்பித்தார். காசு என்றால், அடுத்த நாள் அட்டையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அந்த வயதில் மிட்டாயை விட்டுக்கொடுப்பது சுலபமா? ஆனாலும் நான்கு பேரில் மூன்று பேர் காசு என்றுதான் சொன்னார்கள்.

பெரியவர்களுக்கு இதில் ஒரு தயக்கம் இருந்தது. சேமிப்பு நல்லது, ஆனால் வங்கிக் கணக்கில் வட்டி ஏறுகிறதே என்பதுதான் அது. என் தாயார் கணக்குப் புத்தகத்தில் வட்டி பதிந்ததும் அந்தத் தொகையை எடுத்து, நன்மை எதிர்பாராமல் யாராவது ஏழைக்குக் கொடுத்துவிடுவார். மாமா வங்கிப் பக்கமே போகவில்லை. அவர் பணம் தலையணை உறையிலும் சரக்கிலும் இருந்தது. இந்தத் தயக்கம் நம் தெருவோடு நிற்கவில்லை. மலாயாவில் ஹஜ்ஜுக்குப் போக நினைத்த கிராமத்து மக்கள் வட்டிக்கு அஞ்சிப் பணத்தை வீட்டில் ஒளித்து வைத்தார்கள், அல்லது மாடு வாங்கி வளர்த்தார்கள். கடைசியில் நிலத்தை விற்றுப் பயணம் போய்த் திரும்பியதும் வறுமையில் விழுந்தார்கள். பேராசிரியர் உங்கு அசீஸ் 1959இல் இதை ஆராய்ந்து, வட்டியில்லாச் சேமிப்பு அமைப்பு ஒன்று வேண்டும் என்று எழுதினார். அதன் பயனாக 1963இல் தொடங்கிய ஹஜ் சேமிப்பு நிறுவனத்தில் முதலில் சேர்ந்தவர்கள் 1,281 பேர். அவர்கள் போட்ட தொகை 46,600 வெள்ளி. இன்றைய தாபுங் ஹாஜியின் தொடக்கம் அதுதான். ஜோகூரிலிருந்து வந்த உறவினர் இதைச் சொன்னபோது மாமா ஆவலோடு விசாரித்ததும், அது இங்குள்ளவர்களுக்கு இல்லை என்று அறிந்து பேசாமல் இருந்துவிட்டதும் எனக்கு நினைவிருக்கிறது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1973 ஜூலை 22 அன்று தோ பாயோவில் என்டியுசி வெல்கம் பேரங்காடி திறக்கப்பட்டது. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த நேரம். தொழிலாளர்களுக்கு நியாய விலையில் அரிசியும் பாலும் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அது நல்ல காரியம், இன்றும் அப்படித்தான் கருதுகிறேன். ஆனால் அங்கே கடன் கிடையாது. அதே ஆண்டுகளில் பழைய கடைவீடுகளிலும் துறைமுகக் குடியிருப்புகளிலும் இருந்தவர்கள் வீவக அடுக்குமாடிகளுக்கு மாறினார்கள். தோ பாயோவுக்குச் சிலர், புக்கிட் மேராவுக்குச் சிலர், பிறகு அங் மோ கியோவுக்கு. மாதச் சம்பளமும் மத்திய சேமநிதியும் வந்துவிட்ட குடும்பத்துக்குக் கடைக் கடன் தேவைப்படவில்லை. தேவைப்படாததை நினைத்து வருந்த வேண்டியதில்லை. மாமாவிடம் மட்டும் முப்பதுக்கு மேல் புத்தகங்கள் நிலுவையோடு நின்றன.

இதில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வீடு மாறியவர்களின் புது முகவரி மாமாவுக்குத் தெரியாது. தேடிப் போகவும் இல்லை. அவர்களில் பலர் பேருந்து பிடித்துத் திரும்பி வந்தார்கள். ‘நாலு பெண் வீட்டு’ அம்மா மூன்று தவணையாக வந்து தீர்த்தார்; மூன்றாவது முறை வரும்போது தாமே அரைத்த மசாலை ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். தையற்காரப் பெண்மணி பணத்தோடு மாமாவுக்கு ஒரு கைலி தைத்து மூட்டிக் கொண்டுவந்தார். கடைக்காரருக்கு வாடிக்கையாளர் கொடுத்த கொசுறு! வராதவர்களும் உண்டு. 1977இல் கடையை ஒப்படைக்கும்போது பதினொரு புத்தகங்கள் தீராமல் இருந்தன.

அந்த ஆண்டுக் கடைசியில் மாமா ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்து, பதினொன்றையும் எடுத்து ஒவ்வொன்றாகக் கூட்டினார். கூட்டிய தொகையைக் கடைசிப் பக்கத்தில் எழுதி, கீழே ‘ஹலால் செய்துவிட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அட்டையில் இருந்த பெயர்களை மையால் அழுத்தி அழித்தார். உள்ளே எங்காவது பெயர் வந்திருந்தால் அதையும் தேடி அழித்தார். நான் ஏன் என்று கேட்டேன். “நான் மௌத்தாகிப் போனால் நீ இதை எடுத்துப் படிப்பாய். அவர் மகனை எங்கேயாவது பார்ப்பாய். பார்த்தால் உனக்கு இது ஞாபகம் வரும்” என்றார்.

அவர் சொன்னபடி நான் எடுத்துப் படித்தேன். பதினொரு புத்தகங்களும் இப்போது என்னிடம் இருக்கின்றன. அரிசி, சீனி, மண்ணெண்ணெய், கருவாடு, பென்சில் எல்லாம் தெளிவாக வாசிக்க முடிகிறது. நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழம் ஏறுகிறது. பெருநாளுக்கு முந்தைய வாரத்தில் நெய்யும் சேமியாவும் ஏறுகின்றன. ஒரு புத்தகத்தில் ஒரு வாரம் முழுக்கக் குழந்தைப் பால் மாவு மட்டும். வரலாறு எழுதுகிறவனுக்குப் பெயர் தெரிந்தால் நன்றாகத்தான் இருக்கும். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், பிறகு எங்கே போனார்கள் என்று தொடரலாம். மை மிகவும் கெட்டியாக இருக்கிறது. சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் ஒரு பெயரையும் நான் படிக்க முடியவில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் பிடித்துப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டேன்.

சங்கத்தின் பொன்விழாக் கண்காட்சிக்கு இந்தப் புத்தகங்களை இரவலாகக் கொடுத்திருக்கிறேன். கூடவே என் சேமிப்பு ஸ்டாம்பு அட்டை ஒன்றும், அந்தப் பச்சை ஸ்டாம்பும் இருக்கும். உங்கள் வீட்டில் பழைய கடைக் கணக்கு, 555 புத்தகம், ஸ்டாம்பு அட்டை, எடைத் தட்டு, பலசரக்குப் பற்றுச்சீட்டு என்று எதுவாவது பரணில் கிடந்தால் சங்க அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள். படி எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவார்கள். பொருளும் விலையும் தேதியும் இருந்தால் போதும். பெயர் இருக்கும் இடத்தில், தருவதற்கு முன் நீங்களே மை பூசிவிடுங்கள்.